ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த ஒன்பது தாள்கள்

2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில், ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், எக்ளின்டன் வீதிக்குச் சற்று வடக்கே ஒரு வீட்டின் பேஸ்மென்றில் குடியிருந்த இளம் தாய் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். தேநீர் ஊற்ற அவர் திரும்பிய நேரத்தில் ஃபிரிட்ஜின் கதவைக் கவனித்தேன். காந்தத் துண்டுகளால் ஒன்பது தாள்கள் அதில் ஒட்டப்பட்டிருந்தன. டேகெயார் சப்சிடிக்கு, அதாவது பிள்ளைப் பராமரிப்புக் கட்டணத்துக்கான அரச உதவிக்கு, விண்ணப்பிப்பது எப்படி என்று ஒரு தாள், பிள்ளைகளுக்கான பல் சிகிச்சை பற்றி ஒன்று, நூலகத்தின் கதை நேரம், பேச்சு மொழிச் சேவையின் தொலைபேசி எண், குடும்ப நிலையங்களின் நேர அட்டவணை என்று, மூன்று வயதுப் பிள்ளை உள்ள ஒரு குடும்பத்துக்கு ரொறன்ரோ நகரம் தரக்கூடிய அநேகமாக எல்லாமே அந்தக் கதவில் இருந்தன. எல்லாம் சரியான தாள்கள். எல்லாம் வேலை செய்யும் எண்கள். அவற்றில் ஒன்றைக்கூட அவர் அழைத்திருக்கவில்லை. “போற இடத்தில எல்லாம் ஒண்டு தந்தவை, அக்கா. வாங்காமல் விட்டால் மரியாதையில்லை எண்டு வாங்கிக்கொண்டு வந்தனான்” என்றார்.

பதிவுபெற்ற பாலர் கல்வியாளராகப் பதினான்கு ஆண்டுகள் இந்த நகரத்தில் வேலை செய்திருக்கிறேன். வேலை நேரத்துக்கு வெளியேயும் புதிதாக வந்த குடும்பங்களோடு அலுவலகங்களுக்குப் போய்வருவது நாளடைவில் பழக்கமாகிவிட்டது. நாங்கள் நிரப்பும் அறிக்கைப் படிவங்களில் ‘தகவல் வழங்கப்பட்டது’ என்றொரு கட்டம் எப்போதும் இருக்கும். அந்தத் தாயின் பேருக்கு நேரே அப்படியான கட்டங்களில் குறைந்தது ஒன்பது சரி அடையாளங்கள் விழுந்திருக்கும். ‘கூடச் சென்றது’ என்ற கட்டத்தை நான் எந்தப் படிவத்திலும் பார்த்ததில்லை.

அவர் கிளிநொச்சியைச் சேர்ந்தவர். முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்தில் பார்வையாளர் விசாவில் கணவரோடும் மகனோடும் வந்து, இங்கே அகதிக் கோரிக்கை வைத்திருந்தார். மகனுக்கு மூன்று வயதும் இரண்டு மாதமும். கணவர் இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குவதால், பிள்ளையின் சத்தம் கேட்காமல் இருக்கத் தாயும் மகனும் பகல் முழுவதும் தொலைபேசித் திரையோடு மறு அறையில் இருந்தார்கள். வெளியே பனி. பிள்ளைக்குப் பனிச் சப்பாத்து இருந்தது. பனிக் காற்சட்டை இருக்கவில்லை. வந்து ஐந்து மாதங்களில், அந்தப் பிள்ளை இன்னொரு பிள்ளையோடு விளையாடியது மேல்வீட்டுக்காரரின் பேரன் பிறந்தநாளன்று மட்டுந்தான்.

இதைக் கேட்கும்போது, இவ்வளவு சேவைகள் இருந்தும் இப்படி ஒரு பிள்ளை எப்படித் தவறிப்போனது என்ற கேள்வி இயல்பாக எழும். என்னுடைய பதில், அந்தப் பிள்ளை தவறிப்போகவில்லை என்பதுதான். அவனை யாரும் பிடிக்கவே முயலவில்லை. ரொறன்ரோ இருக்கும் மாகாணமான ஒன்ராறியோவில் சிறு பிள்ளைகளுக்கான சேவைகள் பிள்ளையைக் கண்டுபிடிக்கும் வழி, பிள்ளை இங்குள்ள மருத்துவமனை ஒன்றில் பிறக்கும் என்ற எண்ணத்தின்மேல் கட்டப்பட்டிருக்கிறது. பிறந்த ஓரிரு நாளில் காது கேட்கிறதா என்று பார்க்கிறார்கள். 1998இல் தொடங்கிய, ஆரோக்கியமான குழந்தைகளுக்கான மாகாணத் திட்டத்தின் கீழ்த் தாயிடம் சில கேள்விகள் கேட்டு, தேவைப்பட்டால் பொதுச் சுகாதாரத் தாதியை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பதினெட்டாம் மாதத்தில், 2009 முதல், குடும்ப வைத்தியர் நேரமெடுத்துப் பிள்ளையின் பேச்சையும் நடையையும் பழக்கவழக்கத்தையும் பெற்றோருடன் சேர்ந்து பார்க்கும் விரிவான சந்திப்பு ஒன்று உண்டு. நல்ல சங்கிலிதான். ஆனால் அதன் முதல் வளையம் பிரசவ அறையில் இருக்கிறது. இரண்டே முக்கால் வயதில் பியர்சன் விமான நிலையத்தில் வந்திறங்கும் பிள்ளைக்கு அந்தச் சங்கிலியில் பிடிப்பதற்கு ஒரு வளையமும் இல்லை. அரசு அவனை முதன்முதலாகப் பார்க்கப்போவது நான்கு வயதளவில், ஜேகே எனப்படும் பள்ளியின் முதல் பாலர் வகுப்பு வாசலில். பள்ளிக்கு முந்திய வயதினருக்கான பேச்சுச் சேவையின் கதவு ஏறக்குறைய அதே காலத்தில்தான் மூடத் தொடங்குகிறது.

கிளிநொச்சியில் அந்தத் தாய் அறிந்த முறை இதற்கு நேர்மாறானது. இலங்கையில், கர்ப்பிணி என்று பதிந்த நாளிலிருந்து குடும்பநல உத்தியோகத்தர், சனங்களின் வாயில் மிட்வைஃப், வீடு தேடி வருவார். நிறை போடும் நாள், தடுப்பூசி நாள், திரிபோஷா சத்துமா கொடுக்கும் நாள் எல்லாவற்றையும் அவரே சொல்லுவார். கிளினிக்குக்குப் போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று படலைக்கு வெளியே நின்று கேட்பார். அதட்டுவார் என்றும் சொல்லவேண்டும்; அந்த அதட்டலை நினைத்து இங்கே ஏங்கும் தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். போர் முடிந்து தறப்பாள் கொட்டில்களில் இருந்த காலத்திலும் பிள்ளையின் நிறையை யாரோ ஒருவர் வந்து எழுதினார்கள் என்று முல்லைத்தீவுப் பெண் ஒருவர் என்னிடம் சொன்னார். அப்படிப் பழகியவர், பணக்கார நாடொன்றுக்கு வந்து, ஐந்து மாதமாக யாரும் கதவைத் தட்டாதபோது எடுக்கும் முடிவு நியாயமானது: தேவையென்றால் வந்திருப்பார்கள், வரவில்லை என்றால் எங்களுக்கு இல்லை என்று அர்த்தம். கனடாவில் அரசு வருவதில்லை, நாம்தான் போகவேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒன்பது தாள்களிலும் அந்த ஒரு வாக்கியம் இல்லை.

அதற்குமேல், அவர் போன இடத்தில் ‘இல்லை’ என்ற பதிலும் கிடைத்திருந்தது. நம்மவர்கள் பிள்ளைக்காசு என்று சொல்லும் கனடா சிறுவர் கொடுப்பனவு 2016 ஆடி மாதம் இன்றைய வடிவத்தில் தொடங்கியது. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட ஒரு பிள்ளைக்கு 2025 ஆடி முதலான ஆண்டில் உச்சத் தொகை 7,997 டொலர். அகதிக் கோரிக்கையாளருக்குக் கோரிக்கை ஏற்கப்படும் வரை அது பொதுவாகக் கிடைக்காது. பிள்ளை கனடாவிலேயே பிறந்திருந்தாலும் பெற்றோரின் குடிவரவு நிலைதான் கணக்கு. மத்திய அரசு 1992 முதல் நடத்தும் லிங்க் ஆங்கில வகுப்புகளிலும் இப்படித்தான். தாய் படிக்கும் நேரத்தில் பிள்ளையைப் பார்க்கும் வசதி அவற்றில் பலவற்றில் உண்டு. கோரிக்கையாளர் அவற்றில் சேர முடியாது, மாகாணத்தின் வளர்ந்தோர் வகுப்புக்குத்தான் போகலாம். இந்த இரண்டையும் முயன்று இரண்டிலும் மறுக்கப்பட்ட பிறகுதான் அந்தத் தாய் தாள்களை ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு ஓய்ந்திருந்தார். ஒரு கதவில் ‘உங்களுக்கு இல்லை’ என்று கேட்ட மனிதர், பக்கத்துக் கதவும் அதே வீட்டுக் கதவு என்றே நினைப்பார். உண்மையில் அவை வெவ்வேறு வீடுகள். கொடுப்பனவு ஒட்டாவாவின், அதாவது மத்திய அரசின், வரித் திணைக்களத்துடையது. பள்ளி மாகாணச் சட்டத்தின் கீழ் வருவது. டேகெயார் சப்சிடியை நடத்துவது மாநகரம். ஒன்றின் மறுப்பு மற்றதைக் கட்டாது. இதைத் தாளில் எழுதி விளக்க முயன்றால் பத்தாவது தாள் ஒன்று உருவாகும். ஆகவே நான் ஒரு மேசையில் மூன்று தேநீர்க் கோப்பைகளை வைத்து, இது ஒட்டாவா, இது ஒன்ராறியோ, இது ரொறன்ரோ என்று காட்டுவேன்.

குடிவரவு நிலையைக் கேட்காத கதவுகளில் முதலாவது, ஏர்லிஒன் என்ற பெயரில் இயங்கும் குடும்ப நிலையங்கள். முன்பு நான்கு வெவ்வேறு பெயர்களில் இருந்தவற்றை மாகாணம் 2018 தை மாதம் ஒன்றாக்கியது. பிறந்த நாளிலிருந்து ஆறு வயது வரையான பிள்ளைகள் பெற்றோருடனோ பாட்டியுடனோ வந்து விளையாடலாம். கட்டணம் இல்லை, குடிவரவுப் பத்திரம் தேவையில்லை. இங்கேயும் ஒரு தடுமாற்றம் வரும். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம் என்று எண்ணி வந்த தாய்மார், தாங்களும் கூடவே இருக்கவேண்டும் என்று தெரிந்ததும் ஏமாந்து திரும்புவதுண்டு. அப்படியானால் எதற்கு என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நான் வெகுகாலம் தவறான பதில் சொல்லிவந்தேன். விளையாட்டின் மூலம் பிள்ளை கற்கிறது என்று, எனக்குக் கல்லூரியில் சொல்லித்தந்ததைச் சொன்னேன். ஒரு மணி நேரம் பஸ்ஸில், இரண்டு மாற்றத்தோடு, பனியில் தள்ளுவண்டியை ஏற்றி இறக்கி வரப்போவது விளையாடுவதற்கா என்று அவர்களுடைய கண்கள் கேட்கும். இப்போது வேறுமாதிரிச் சொல்கிறேன்: “அங்க உங்களைப் போல இன்னும் நாலு அம்மாமார் வருவினம். பிள்ளை பாத்துக்கொண்டிருக்கட்டும், நீங்கள் ஒரு மணித்தியாலம் வாயைத் திறந்து கதையுங்கோ.” வருகிறார்கள்.

பஸ் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். அது சாதாரண விடயம் அன்று. 12 வயது வரையான பிள்ளைகளுக்கு 2015 முதல் ரிரிசி என்னும் ரொறன்ரோப் போக்குவரத்துச் சேவையில் கட்டணம் இல்லை என்பது அந்தத் தாய்க்குத் தெரியாது. ஒருமுறை கட்டினால் இரண்டு மணி நேரம் ஏறி இறங்கலாம் என்பதும் தெரியாது. 2023 ஆடியில் ஸ்காபரோ ரயில் தடம் புரண்டு நிரந்தரமாகவே மூடப்பட்ட பிறகு, அந்தப் பக்கத்துப் பயணங்கள் எல்லாம் பஸ்ஸுக்குள் நெரிந்து கிடந்தன. முதல் நாள் நான் அவரோடு போனேன். இரண்டாம் நாள் பஸ் நிறுத்தத்தில் மட்டும் சந்தித்தேன். மூன்றாம் நாள் அவராகவே வந்து, கதவடியில் பனியைத் தட்டிக்கொண்டு நின்றார். ஒரு குடும்பத்துக்கு இவ்வளவுதான் செலவு: இரண்டு காலைப் பொழுதுகள்.

இனி, சொற்கள். இந்த வேலையில் எனக்கு மிக அதிகமாகத் தலையிடி தந்ததும், நான் மிக அதிகமாகக் கற்றதும் இங்கேதான். ஆங்கிலப் படிவங்களை அப்படியே மொழிபெயர்த்தால் கிடைக்கும் தமிழ், தமிழ்த் தாயிடம் வேறு கேள்வியாகப் போய்ச் சேர்கிறது. “உங்கள் குழந்தையின் வளர்ச்சி குறித்துக் கவலை உண்டா?” என்று தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் கேட்பார். வளர்ச்சி என்றால் நமக்கு உயரமும் நிறையும். “இல்லை, நல்லா வளருது” என்று தாய் சொல்லுவார். கவலை எதுவும் இல்லை என்று மறுமுனையில் பதிவாகும். பரிசோதனை என்றால் இரத்தம் எடுப்பது. பிள்ளைக்கு வருத்தம் ஒன்றும் இல்லையே, எதற்குப் பரிசோதனை என்று திகைப்பார். பதினெட்டு மாதப் படிவங்களில் பிள்ளை அதிகம் சிந்தாமல் கரண்டியால் தானே உண்கிறதா என்றொரு கேள்வி இருக்கும். மூன்று வயது வரை சோற்றைக் குழைத்து ஊட்டுவதை அன்பின் கடமையாக நினைக்கும் வீட்டிலிருந்து ‘இல்லை’ என்ற பதில் வருவதற்கும் பிள்ளையின் கைத்திறனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்த வீட்டில் கரண்டியைப் பிள்ளையின் கையில் கொடுத்ததே இல்லை. அதே பிள்ளை தரையில் சிந்திய பருப்பை இரண்டு விரலால் கிள்ளி எடுத்து வாயில் போடும். கரண்டிக் கேள்வியின் பதிலில் அது தெரியாது.

கிளிநொச்சித் தாயின் விடயத்தில் நடந்தது இன்னும் வேடிக்கையானது, இன்னும் வேதனையானது. மகன் பேசுகிறானா, எத்தனை சொல் சொல்வான் என்று வேறோர் இடத்தில் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். நாலைந்து சொல் என்று சொல்லியிருக்கிறார். மூன்று வயதுக்கு அது மிகக் குறைவு என்பதால் அவர்களும் கலங்கி, பேச்சுச் சேவையின் தாளைக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் ஆங்கிலத்தில் பேசுங்கள் என்ற அறிவுரையும் சேர்த்துத்தான். நான் தரையில் அவனோடு உட்கார்ந்து பத்து நிமிடம் காரோட்டியபோது, “என்ர கார், எடுக்காதேங்கோ, அது அப்பான்ர” என்று சண்டை பிடித்தான். திரும்பித் தாயைப் பார்த்தேன். “அது தமிழ்தானே அக்கா, அவை கேட்டது இங்கிலீஷ் எண்டெல்லோ நினைச்சனான்” என்றார். தமிழில் பிள்ளை அறிந்த நூற்றுக்கணக்கான சொற்களை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. அது எண்ணப்படக்கூடிய ஒன்று என்று இந்த நாட்டுக்கு வந்த ஐந்து மாதத்தில் யாரும் அவருக்கு உணர்த்தவில்லை. அந்த அறிவுரையைக் கேட்டுப் பயந்து, தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் மட்டும் மகனோடு பேச முயன்று, அதனால் வீட்டில் பேச்சே குறைந்துபோயிருந்தது. தாய்க்கு நன்றாக வரும் மொழியில் பேசுவதுதான் பிள்ளைக்கு நல்லது, இரண்டு மொழி கேட்பதால் பேச்சுப் பிந்துவதில்லை என்பது பேச்சு மொழி வல்லுநர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது. அது எங்கள் துறையின் கடைசி மேசைவரை இன்னும் போய்ச் சேரவில்லை.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட்டு, என் தவறையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன், பாங்கொக்கில் பிறந்து, அங்கே பெற்றோர் அகதிப் பதிவுக்காகக் காத்திருந்த காலத்தில் வளர்ந்து, இரண்டரை வயதில் இங்கே வந்த பெண்பிள்ளை ஒருத்தி எங்கள் நிலையத்துக்கு வந்தாள். பேசமாட்டாள். கூப்பிட்டால் சில வேளை திரும்புவாள், சில வேளை திரும்பமாட்டாள். தாய் கவலைப்பட்டபோது, பயணமும் பயமும் பல மொழியும் கண்ட பிள்ளை, கொஞ்சம் பொறுங்கள், கதைப்பாள் என்று நான் ஆறுதல் சொன்னேன். பாட்டியும், தகப்பன் மூன்று வயதில்தான் பேசினார் என்று என் பக்கம் நின்றார். ஏழு மாதம் போனது. ஒரு நாள் அவளுக்குப் பின்னால் ஒரு தட்டு விழுந்து உடைந்தபோது மற்றப் பிள்ளைகள் எல்லாரும் துள்ளித் திரும்ப, அவள் மட்டும் கட்டைகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு என்று பின்னர் தெரிந்தது. இங்கே பிறந்திருந்தால் பிறந்த கையோடு செய்யும் சோதனையிலேயே தெரியவந்திருக்கலாம். கேள்கருவி வைத்து ஒரு வருடத்தில் நன்றாகப் பேசத் தொடங்கினாள். அந்த ஏழு மாதம் என் கணக்கில்தான் இருக்கிறது. அன்றிலிருந்து, வெளியிலிருந்து வந்த எந்தப் பிள்ளையாக இருந்தாலும், பேசினாலும் பேசாவிட்டாலும், முதலில் காதைப் பாருங்கள் என்றே சொல்கிறேன். பேச்சுச் சேவையைப் பெற்றோர் தாங்களே அழைக்கலாம். வைத்தியரின் கடிதம் வேண்டியதில்லை. இது பல வைத்தியர்களுக்கே தெரியாது என்பது என் அனுபவம்.

பயம் என்பது தனியாகப் பேசவேண்டியது. ‘கேஸுக்கு ஏதும் பாதிப்பு வருமோ?’ என்ற கேள்வியைக் கேட்காத குடும்பம் ஒன்றையும் நான் சந்தித்ததில்லை. பாலர் நிலையத்துக்கு வருவதும் பள்ளியில் பதிவதும் அகதிக் கோரிக்கையின் தீர்ப்பைத் தொடுவதில்லை. ஆனால் பயத்துக்கு நினைவு உண்டு. 2012இல் அகதிகளுக்கான மத்திய மருத்துவத் திட்டத்தை அன்றைய அரசு வெட்டியபோது, யாருக்கு இருக்கிறது யாருக்கு இல்லை என்பது பல மேசைகளில் இருந்தவர்களுக்கே புரியவில்லை; காப்பு உள்ள பிள்ளையைக்கூட ஒரு கிளினிக் திருப்பி அனுப்பியதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த வெட்டு கொடூரமானதும் வழக்கத்துக்கு மாறானதுமான நடத்துகை என்று 2014இல் மத்திய நீதிமன்றம் தீர்த்தது. 2016 சித்திரையில் திட்டம் முழுதாகத் திரும்பி வந்தது. தீர்ப்பு வந்த செய்தி, வெட்டு வந்த செய்தி அளவுக்குப் பரவவில்லை. இன்றைக்கும் புதிதாக வருபவருக்கு முதல் வந்தவர் சொல்லிக்கொடுப்பது 2012ஆம் ஆண்டுக் கதையைத்தான்.

மற்றப் பயம் ‘சில்ரன்ஸ் எயிட்’ எனப்படும் சிறுவர் பாதுகாப்பு அமைப்பு. பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற கதை எல்லாத் தமிழ் வீட்டிலும் உண்டு. இதில் நான் பொய் ஆறுதல் சொல்வதில்லை. பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்று சந்தேகிக்க நியாயம் இருந்தால் அறிவிக்கவேண்டிய கடமை எனக்குச் சட்டத்தில் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுவேன். கையால் ஊட்டுவதும் ஒரே கட்டிலில் படுப்பதும் வீட்டில் தமிழ் பேசுவதும் அதில் வராது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். முதல் பாதியைக் கேட்டவுடன் எழுந்து போனவர்கள் இருவர். திரும்பி வந்தவர் ஒருவர்.

பள்ளிப் பதிவுக்கு வருகிறேன். ஒன்ராறியோவில் பிள்ளைக்கு நான்கு வயதாகும் ஆண்டின் புரட்டாதியில் ஜேகே தொடங்கலாம். மார்கழியில் பிறந்த பிள்ளை மூன்றே முக்கால் வயதில் போகும். 2010க்கும் 2014க்கும் இடையில் படிப்படியாக முழு நாள் வகுப்பாக மாறியதால், ஏழைக் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை என்றே சொல்லலாம். 1993இல் மாகாணக் கல்விச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 49.1ஆம் பிரிவின்படி, பிள்ளையோ பெற்றோரோ கனடாவில் சட்டப்படியான நிலை இல்லாமல் இருக்கிறார்கள் என்பதற்காக 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைப் பள்ளி மறுக்க முடியாது. இவ்வளவு தெளிவாக இருந்தும், நான் கூடப்போன ஒரு பள்ளியின் வரவேற்பு மேசையில் இருந்தவர், கோரிக்கை முடிவானபின் வாருங்கள் என்று தாயை அனுப்பப் பார்த்தார். கெட்ட மனிதர் அல்லர். படிவத்தில் ‘குடிவரவு நிலை’ என்றொரு வரி இருந்தது, அதை நிரப்பாமல் கணினி அடுத்த பக்கம் போகவில்லை, அவ்வளவுதான். அந்தச் சட்டப்பிரிவை அச்சடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். நாலாய் மடித்த மடிப்பு கிழியத் தொடங்கிவிட்டது. அதை நான் மேசையில் வைத்தபோது அவர் வாசித்துவிட்டு மேலதிகாரியை அழைத்தார்; பதினைந்து நிமிடத்தில் பதிவு முடிந்தது. தாய் தனியாக வந்திருந்தால், பணிவாக நன்றி சொல்லிவிட்டு வீடு திரும்பியிருப்பார். நம்மவர்களுக்கு மேசைக்கு முன்னால் நின்று மறுத்துப் பேசிப் பழக்கம் இல்லை. மறுத்துப் பேசியதன் விலையை அறிந்தவர்கள் என்று சொல்வது இன்னும் சரி.

தடுப்பூசியில் ஒரு சிறு முடிச்சு உண்டு. இலங்கையிலிருந்து வருபவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அங்கே தட்டம்மை, கூவைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான ஊசியின் முதல் தடவை ஒன்பதாம் மாதத்திலும், இரண்டாம் தடவை மூன்று வயதிலும் போடப்படுகின்றன. ஒன்ராறியோவில் முதல் பிறந்தநாளுக்கு முன் போட்டது கணக்கில் வராது. ஆகவே மூன்று வயதாக முன் விமானமேறிய பிள்ளையின் ஊசிகளைப் பதிந்த கிளினிக் கொப்பி நிரம்பி வழிந்தாலும், இங்குள்ள கணக்கில் தட்டம்மைக்கு ஒரு ஊசிகூடப் போடவில்லை என்றே வரும். ‘நாங்கள் எல்லாம் ஒழுங்காகப் போட்டனாங்கள்’ என்று தாய் அவமானப்பட்டதைப் போல நிற்பார். அவர் சொல்வதும் உண்மை, இவர்கள் சொல்வதும் உண்மை. கிளிநொச்சிப் பையனுக்கு நடந்ததும் இதுதான். அந்தக் கொப்பியை யாரும் வீசிவிடாதீர்கள். மற்ற ஊசிகளுக்கு அதுதான் சாட்சி.

டேகெயாரைப் பற்றி எழுத எனக்கு உற்சாகம் குறைவு, ஏனென்றால் அங்கே கூடப்போவதால் மட்டும் தீராத பிரச்சினை இருக்கிறது. 2022 பங்குனியில் மத்திய அரசோடு ஒன்ராறியோ செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு, திட்டத்தில் சேர்ந்த நிலையங்களில் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கான கட்டணம் படிப்படியாகக் குறைந்து, 2025 தை முதல் நாளொன்றுக்கு 22 டொலருக்கு மேல் வாங்க முடியாது என்றாகிவிட்டது. அதற்கு முன் ரொறன்ரோவில் கைக்குழந்தைக்கு மாதம் 1,500 டொலருக்கு மேல் கட்டியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் விலை இறங்கினால் வரிசை நீளும். வரிசையில் முன்னுக்கு நிற்பவர், வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே பெயர் பதிந்தவர். நேற்று வந்த குடும்பம் அப்படிப் பதிந்திருக்க வழியில்லை. சப்சிடிக்கு ஒரு வரிசை, நிலையத்தில் இடத்துக்கு இன்னொரு வரிசை என்று இரண்டு இருப்பதையும் பலர் அறிவதில்லை. ஒன்றில் பதிந்துவிட்டு மற்றதும் தானாக நடக்கும் என்று ஓராண்டு காத்திருந்தவர்கள் உண்டு. சப்சிடிக்குப் பொதுவாக வேலையோ படிப்போ இருப்பதாகக் காட்டவேண்டும். வேலை தேடிப் போகப் பிள்ளையை விட ஓர் இடம் வேண்டும். இந்த வட்டத்துக்குள் ஓடிக் களைத்தவர்களுக்குக் கைகொடுப்பவர், பெரும்பாலும் அதே கட்டடத்தில் ஏழாம் மாடியில் பிள்ளை பார்க்கும் ஓர் அன்ரிதான். உரிமம் இல்லாதவர் ஐந்து பிள்ளைகள் வரைதான் பார்க்கலாம் என்பது சட்டம். அந்த அன்ரிமாரைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அவர்களில் மூவரை எங்கள் நிலையத்துக்குப் பிள்ளைகளோடு வரப் பழக்கியது, என் பதினான்கு ஆண்டில் நான் செய்த பயனுள்ள வேலைகளில் ஒன்று என்று நினைக்கிறேன்.

எங்கள் சமூகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1986இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேரிலிருந்து இன்றுவரை எண்ணினால், நாற்பது ஆண்டாக இந்த நகரத்தில் வேர்விட்டவர்கள் நாங்கள். தமிழ் பேசும் வைத்தியர், தமிழ் பேசும் பள்ளிக் குடியேற்ற உதவியாளர், தமிழ் பேசும் வழக்கறிஞர் எல்லாரும் இருக்கிறார்கள். இருந்தும், ‘நாங்கள் வரேக்க இதெல்லாம் ஆர் தந்தது?’ என்று புதியவர்களைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் எங்களுக்குள்தான் அதிகம். உண்மைதான், யாரும் தரவில்லை. 1997இல் நான் வந்தபோது முழுநாள் ஜேகே கிடையாது. என் மூத்தவளை ஒரு தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் வைத்துக்கொண்டு வேலை செய்த நாட்கள் உண்டு. அதைப் பெருமையாகச் சொல்லும் பழக்கத்தை விட்டு வெகு நாளாகிறது.

அதே பனியில் அதே பஸ்ஸுக்கு நிற்கும் எரித்திரியத் தாயின் நிலையைப் பார்க்கும்போதுதான் தமிழருக்குக் கிடைத்திருப்பதன் அளவு தெரிகிறது. திக்ரின்யா பேசுபவர் ஒருவரைத் தொலைபேசியில் பிடிக்க ஒரு மணி நேரம் காத்திருந்து, ஒரு கேள்விக்குப் பிறகு இணைப்பு அறுந்த நாட்கள் உண்டு. என் மொழி அங்கே ஒன்றுக்கும் உதவாது. ஆனால் முதல் நாள் கூடப்போவது, இரண்டாம் நாள் நிறுத்தத்தில் நிற்பது என்ற முறைக்கு அவ்வளவு மொழி தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் அவரும் தனியாக வந்தார்.

கிளிநொச்சிப் பையன் இப்போது ஜேகேக்கு அடுத்த வகுப்பான எஸ்கே படிக்கிறான். அவர்களுடைய கோரிக்கை போன ஆண்டு ஏற்கப்பட்டது; பிள்ளைக்காசு வரத் தொடங்கியிருக்கிறது. வருகிற புரட்டாதிக்கான ஜேகே பதிவு இந்தக் குளிர்காலத்தில் நடந்துகொண்டிருக்கிறது, என் கையில் நான்கு குடும்பங்களின் பெயர்கள் இருக்கின்றன. இரண்டு பேருக்குக் காது பார்க்கும் நாள் கிடைத்துவிட்டது. ஒருவருடைய பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பு இன்னும் வரவில்லை. நாலாவது தாய்க்கு வருகிற செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதே காலுக்கு, மார்க்கம் வீதிப் பஸ் நிறுத்தத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன். கிளினிக் கொப்பியையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.